கசின் என்றால் எந்த முறை?

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரம். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி பக்கத்தில் நிற்கிற பையனைக் காட்டி, "பாட்டி, இவன் என் கசின்" என்கிறாள். பாட்டி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "கசின்னா? கட்டுற முறையா, அண்ணன் தங்கச்சி முறையா?"

பெண்ணுக்கு முகம் சுருங்கிப் போகிறது. பாட்டி கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் வளர்ந்த ஊரில் இந்த இரண்டில் எது என்று தெரியாமல் அந்தப் பையனோடு சிரித்துப் பேசலாமா கூடாதா என்றே முடிவு செய்ய முடியாது. 'கசின்' என்ற சொல் அவருக்கு எதையும் சொல்லவில்லை. அண்ணனையும் மாப்பிள்ளையையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் அவர் என்னதான் செய்வார்?

பாட்டி கேட்ட அந்த 'முறை' என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஒரு காலத்தில் கிராமத்துப் பெண் ஒருத்தி காலையில் எழுந்ததிலிருந்து யார் வீட்டு வாசலில் நிற்கலாம், யார் எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும், யாரைக் கேலி செய்யலாம், கடைசியில் எந்த வீட்டுக்கு வாழப் போவாள் என்பது வரை இந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது.

முதலில் கணக்கு. ரொம்பச் சுலபம்.

உங்கள் அப்பாவோடு பிறந்த ஆண், அப்பா மாதிரி. பெயரிலேயே அது இருக்கிறது: பெரியப்பா, சித்தப்பா. அம்மாவோடு பிறந்த பெண், அம்மா மாதிரி: பெரியம்மா, சித்தி. இவர்களுடைய பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. கூடப்பிறந்தவர்களுக்கும் இவர்களுக்கும் கூப்பிடுவதில் வித்தியாசம் கிடையாது.

அப்பாவோடு பிறந்தது பெண்ணாக இருந்தால் அத்தை. அம்மாவோடு பிறந்தது ஆணாக இருந்தால் மாமன். இங்கேதான் பாதை பிரிகிறது. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் அண்ணன் தங்கை ஆகமாட்டார்கள். அவர்கள் மச்சான், அத்தான், மதினி, கொழுந்தி, கட்டிக்கொள்ளும் முறை.

ஆக, பெற்றோர் தலைமுறையில் உடன்பிறந்த இருவரும் ஒரே பாலாக இருந்தால் அவர்களின் பிள்ளைகள் உடன்பிறப்பு. ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால் அந்தப் பிள்ளைகள் முறைக்காரர்கள். "அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்று கிண்டலாகச் சொல்வோமே, நடக்காததைப் பேசுகிறவனை மடக்கச் சொல்வது. அது வெறும் கிண்டல் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் மொத்தச் சூத்திரமும் அதற்குள்தான் இருக்கிறது. அத்தை ஆணாகப் பிறந்திருந்தால் சித்தப்பா. அப்போது அவர் மகன், மாப்பிள்ளை என்பது போய் அண்ணன் ஆகிவிடுவான். ஒரு மீசையில் ஒரு கல்யாணம் நின்றுபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பாவின் தங்கையும் அத்தை, மாமனின் மனைவியும் அத்தை, மாமியாரும் அத்தை. அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, மாமனாரும் மாமா. கல்யாணத்துக்கு முன்பே மாமியாரை 'அத்தை' என்று கூப்பிடுவதுபோல மொழி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஆணுக்கு அக்காள் மகன் மருமகன். மகளைக் கட்டியவனும் மருமகன். பெண்ணுக்கு அண்ணன் மகன் மருமகன். அவளுக்கும் மகளைக் கட்டியவன் மருமகன்தான். இரண்டும் ஒரே ஆளாக இருக்கும் என்று எதிர்பார்த்து உண்டான சொற்கள்.

இதைப் பார்த்து வெளிநாட்டு ஆய்வாளர்கள் வியந்துபோனார்கள். அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன் தன் நாட்டுப் பழங்குடிகளின் உறவுச்சொற்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் அப்பாவின் சகோதரன் 'அப்பா'தான். அதே வழக்கம் தமிழிலும் இருக்கிறது என்று மிஷனரிகள் வழியாகத் தெரிந்துகொண்டு, 1871-ல் வெளியான தன் பெரிய நூலில் அதைப் பதிவு செய்தார். மானிடவியலில் இந்த அமைப்புக்குத் 'திராவிட உறவுமுறை' என்றே பெயர். பிரெஞ்சுக்காரரான லூயி துய்மோன் 1949, 50 வாக்கில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் கிராமங்களில் தங்கி இதைப் படித்தார். தமிழ்க் கிராமத்தில் கல்யாண உறவு ஒரு தலைமுறையோடு முடிவதில்லை, சொத்து மாதிரி அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. நம் ஊர்க்காரர்கள் இதையே 'கொண்டான் கொடுத்தான்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு. மற்றவர்கள் பங்காளிகள். ஒரு சாதிக்குள் உறவு என்று சொல்லிக்கொள்ளும் எல்லோரும் இந்த இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒன்றில்தான் நிற்க வேண்டும்.

சரி, கணக்கு போதும். இதை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி வாழ்ந்தாள்?

1950-ஆம் ஆண்டு, கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணுக்குப் பேச்சி என்று பெயர் வைப்போம். அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேச்சி இருப்பார்கள். வயது பதினைந்து. வீட்டுக்கு நாலைந்து குறுக்கம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பிக் கம்பு, சோளம், பருத்தி. அண்ணன் கட்டியிருப்பது அம்மாவின் அண்ணன் மகளை. அக்காளைக் கட்டியிருப்பது அம்மாவின் தம்பி. அந்தக் காலத்தில் இது ஒன்றும் விசேஷமான குடும்பம் இல்லை.

விடியுமுன் கம்பு குத்தும் சத்தம் கேட்கும். கம்பை அப்படியே ஆக்கிவிட முடியாது. தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டுக் குத்தி, உமி பிரிந்ததும் சுளகில் புடைத்து, மறுபடியும் குத்தி, சலித்து, அப்புறம்தான் உலை. தனியாளாகக் குத்தினால் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் ஒரு உரலில் இரண்டு உலக்கை. ஒன்று ஏறும்போது ஒன்று இறங்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் உலக்கையோடு உலக்கை முட்டும், கை அதிரும். பேச்சியின் எதிரே நின்று குத்துகிறவள் மதினி. அண்ணன் பொண்டாட்டி.

கல்யாணத்துக்கு முன்பும் அவள் மதினிதான், தாய்மாமன் மகள் என்பதால். கல்யாணத்துக்குப் பின்பும் மதினிதான், அண்ணன் மனைவி என்பதால். அவள் பேச்சியின் அம்மாவை முன்பும் 'அத்தை' என்றாள், இப்போதும் 'அத்தை' என்கிறாள். தாலி ஏறியதில் ஒரு சொல்லும் மாறவில்லை. வட இந்தியாவில் பல சமூகங்களில் பெண்ணை உறவே இல்லாத வேறு ஊரில் கொடுப்பார்கள். அவள் முன்பின் பார்த்திராத மாமியார் வீட்டில் முக்காடு போட்டுக்கொண்டு நுழைவாள். இங்கே மருமகளாக வருகிறவளுக்கு அந்த வீட்டில் உப்புப் பானை எங்கே இருக்கிறது என்பதுவரை தெரியும். சின்ன வயசில் அங்கே வந்து வெல்லம் திருடித் தின்றவள் அவள்.

அதனால் எல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விருந்துக்கு வந்தபோது 'என் கண்ணு' என்ற அத்தை, மாமியாரானதும் எண்ணெய்க் கரண்டியை அளந்து கொடுப்பாள். மதினிக்கும் அது நடந்தது என்று வையுங்கள். அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? அப்பாவிடம் சொன்னால், அது அவருடைய சொந்தத் தங்கை மேல் புகார். அன்னிய வீட்டில் பட்ட கஷ்டத்தை வாய்விட்டு அழுதுவிடலாம். சொந்தத்தில் பட்டதை விழுங்கத்தான் வேண்டும். உரல் பக்கத்தில் நாத்தனாரும் மதினியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் பேச்சில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

கம்மஞ்சோறு ஆக்கி உருட்டித் தண்ணீரில் போட்டுவிட்டுப் பேச்சி ஊருணிக்குக் கிளம்புவாள். கரிசலில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குடிக்க ஊருணித் தண்ணீர்தான். போகிற வழி நெடுக முறை வேலை செய்யும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் பெரியப்பா முறை என்றால் தலை குனிந்து, மரியாதையாக ஒரு ஓரமாகப் போக வேண்டும். மாமன் முறை என்றால் அவரே, "என்ன பேச்சி, தண்ணி எனக்கா?" என்பார். "உம்ம பொண்டாட்டி கிணத்துல குதிச்சிட்டாளா?" என்று இவள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த வாயாடித்தனத்தைச் சுற்றியிருப்பவர்கள் ரசிப்பார்கள். இதே பதிலைப் பெரியப்பாவிடம் சொன்னால் அன்றைக்கு வீட்டில் விளக்குமாறு பறக்கும்.

சொந்தச் சாதிக்கு வெளியேயும் அண்ணே, மாமா என்று முறை வைத்துக் கூப்பிடுவது உண்டு. இதைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த உறவுச்சொற்கள் பெரும்பாலும் சேரிக்குப் போகவில்லை. அறுபது வயதுப் பெரியவரை ஆறு வயதுப் பிள்ளை பெயர் சொல்லி 'வா, போ' என்று கூப்பிட்ட ஊர்கள்தான் அவை. முறை எங்கே நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுசாகும்.

முறையைக் கண்ணால் பார்க்க ஒரு நாள் உண்டு. அம்மன் கோவில் பொங்கல் முடிந்து மறுநாள் மஞ்சள் நீராட்டு. பெண்கள் குடத்திலும் செம்பிலும் மஞ்சள் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள். முறைமாமன், அத்தை மகன், மாமன் மகன் யாராவது தெருவில் தலை காட்டினால் தலையோடு அபிஷேகம். ஓடினால் விரட்டி ஊற்றுவார்கள். நனைந்தவன் கோபப்படக் கூடாது; காசோ பலகாரமோ கொடுக்க வேண்டும். பங்காளி வீட்டுப் பையன்களோ காய்ந்த சட்டையோடு நடுத்தெருவில் நடந்து போவார்கள். ஒரு சொட்டு விழாது. வெளியூர்க்காரன் ஒருவன் அன்று சாயங்காலம் தெருமுனையில் நின்று சட்டைகளைப் பார்த்தால் போதும். எந்த வீடும் எந்த வீடும் கொண்டு கொடுக்கும் வீடு என்று மஞ்சள் கறையை வைத்தே எழுதிவிடலாம்.

முறைப்பையன்களோடு இந்த விளையாட்டெல்லாம் அந்த ஒரு நாளைக்கு. பெண் ஆளான பிறகு, இன்னாருக்கு என்று பேச்சு விழுந்துவிட்ட முறைமாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

ஆளாவது என்றதும் தாய்மாமன் வருகிறான். பெண்ணைத் தனியாக உட்கார வைக்கப் பச்சை ஓலையில் குச்சு கட்டுவது மாமன் கடமை. உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று உடம்பைத் தேற்றும் சாப்பாடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் மாமன் வீட்டிலிருந்து தாம்பாளத்தட்டில் சேலை, பூ, பழம், தேங்காய் எல்லாம் மேளத்தோடு வரும். அந்தச் சேலையைக் கட்டித்தான் அவளைச் சபையில் நிறுத்துவார்கள். அதற்கு முன்பே, முதல் மொட்டை மாமன் மடியில்தான். காது குத்தியதும் அங்கேதான். தாலாட்டில்கூட அப்பாவைவிட மாமன்தான் அதிகம் வருவான்.

ஏன் மாமனுக்கு இத்தனை செலவு? பாசம் என்பார்கள். பாசமும் உண்டு. ஆனால் கொஞ்சம் நிலக்கணக்கும் பாருங்கள். ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் பெண்ணுக்கு அன்று நிலத்தில் பங்கு கிடையாது. அவள் நகையும் பாத்திரமும் வாங்கிக்கொண்டு போய்விட, பூமி அண்ணன் தம்பிக்கு. அந்தப் பூமியில் விளைந்ததிலிருந்து அக்காளுக்கும் தங்கைக்கும் ஆயுள் முழுக்கச் சிறுகச் சிறுகத் திரும்பி வருவதுதான் சீர். தலைப்பொங்கலுக்கு, தீபாவளிக்கு, பிரசவத்துக்கு, பிள்ளை காதுகுத்துக்கு, பேத்தி சடங்குக்கு. அவள் செத்தாலும் நிற்காது. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வந்து சேராமல் பாடையைத் தூக்கமாட்டார்கள். கிழவி தொண்ணூறு வயதில் செத்து, அண்ணன் தம்பிகள் எல்லோரும் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தாலும், அந்த வீட்டுப் பேரன் எவனாவது ஒருவன் சேலையோடு வந்து நிற்க வேண்டும்.

1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, அப்பா சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்கும் பங்கு என்றது. பூர்வீகச் சொத்திலும் மகனுக்குச் சமமாக மகளுக்கு உரிமை என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது 1989-ல். அதிலும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. நாடு முழுக்க வந்தது 2005-ல். பேச்சிகளில் முக்கால்வாசிப் பேர் சீரையே பங்காக வாங்கிக்கொண்டு போனவர்கள். பங்கு கேட்டால் சீர் நின்றுவிடும் என்ற பயத்தில், சட்டம் வந்த பிறகும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு.

சீருக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. இவ்வளவு செய்கிற மாமன் வீட்டுக்கு அந்தப் பெண் மேல் ஓர் உரிமை இருப்பதாகவே ஊர் நினைத்தது. 'முறைப்பெண்' என்ற சொல்லில் அந்த உரிமை வாசனை அடிக்கும். வெளியே மாப்பிள்ளை பார்ப்பதானால் முறைமாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர்கள் 'எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லியாக வேண்டும். கேட்காமல் கொடுத்தால் முகூர்த்த நேரத்தில் வந்து மறிப்பவனும் உண்டு. அப்புறம் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இதில் பெண்ணிடம் யாரும் கேட்டதாகக் கதை இல்லை. பேச்சியின் அக்காளுக்கு மாமனைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. தன்னைத் தோளில் தூக்கி வைத்துத் தேர் காட்டியவனுக்கே கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. அவள் அழுதபோது, "வெளியாளுக்கா குடுக்கிறோம், மாமனுக்குத்தானே" என்றார்கள். அந்த வாக்கியத்துக்கு அன்று பதில் இருக்கவில்லை. சட்டமும் பெரிதாகத் தடுக்கவில்லை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் 1929-ல் பெண்ணின் கல்யாண வயது குறைந்தது பதினான்கு என்றது. 1949-ல் பதினைந்து ஆக்கினார்கள். பதினெட்டு ஆனது 1978-ல்தான். 1955-ன் இந்து திருமணச் சட்டமும் தாய்மாமன்–அக்காள் மகள், அத்தை மகன்–மாமன் மகள் கல்யாணங்களைத் தடை செய்யப்பட்ட உறவுப் பட்டியலில் சேர்த்துவிட்டு, 'அந்தச் சமூகத்தில் வழக்கம் இருந்தால் செல்லும்' என்று கதவைத் திறந்தே வைத்தது.

டாக்டர்கள் இன்று சொந்தத்தில் கட்டாதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நாலில் ஒரு பங்கு. இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால் பிள்ளையில் அது வெளிப்பட வாய்ப்பு கூடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: சித்தப்பா மகனோடும் அதே எட்டில் ஒரு பங்குதான். ரத்தத்துக்கு அத்தை மகனும் சித்தப்பா மகனும் ஒன்று. முறைக்கோ ஒருவன் மாப்பிள்ளை, ஒருவன் அண்ணன். அந்த அண்ணனை மணப்பது என்று நினைத்தாலே பாட்டி காதைப் பொத்திக்கொள்வார். முறை என்பது ரத்தத்தை அளந்து போட்ட கணக்கு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சொற்கள் ஊருக்கு ஊர் மாறும். மதினி சில இடங்களில் அண்ணி, சில இடங்களில் நங்கையா. யாழ்ப்பாணத்தில் முறைப்பெண் மச்சாள், அத்தை அங்கே மாமி. சொல் மாறினாலும் மீசைச் சூத்திரம் மாறாது.

புதிதாக ஒருவரைப் பார்த்தால் முறையைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. கிழவிகள் வம்சாவளி எல்லாம் கேட்கமாட்டார்கள். இருவருக்கும் பொதுவான ஓர் ஆளைப் பிடிப்பார்கள். "சின்னச்சாமியை நீ என்னன்னு கூப்பிடுவே?" "அண்ணன்." "எனக்கு அவன் மருமகன். அப்ப நீயும் எனக்கு மருமகன்தான், வா, உட்காரு." முடிந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி தெரிந்தால் போதும்.

ஆனால் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டிச் சிக்கலான குடும்பத்தில் இரண்டு வழியாகப் போனால் இரண்டு விடை வரும். பேச்சியின் அக்காளுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் வீட்டில் அந்தப் பேச்சுதான். அக்காள் பிள்ளை, அதனால் பேச்சிக்கு மகன் முறை. தாய்மாமன் பிள்ளை, அதனால் முறைமாப்பிள்ளை. "உன் மாப்பிள்ளைக்குப் பால் குடு" என்று மதினி உரலடியிலிருந்து கிண்டல் செய்வாள். பெரியவர்கள் கூடி எதுவும் முடிவு செய்யவில்லை. அக்காள் பருத்தி எடுக்கப் போகிற நாளெல்லாம் பிள்ளை பேச்சியின் இடுப்பில்தான் இருந்தான். பேச்சு வந்ததும் அவளை 'சித்தி' என்றான்.